பளபளாவின் தகரத் தட்டுகள்

மண்வாசனை என்று சொல்லி மூச்சை இழுத்துக் கண்ணை மூடுகிறவர்களை ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் கொட்டகையில் உட்கார வைக்க வேண்டும். நெல் வயலின் சேற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, வெயிலில் நிற்கிற வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினால் அது எப்படி நாறும் என்று அப்போது தெரியும். அழுகின முட்டை, தேங்கின சாக்கடை, செத்த நத்தை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த நாற்றம். நான் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் அந்த நாற்றத்தோடுதான் மதியச் சோறு. போகப் போகப் பழகிவிடும் என்று சேர்ந்த புதிதில் சொன்னார்கள். மண்ணாங்கட்டி. இன்றுவரை பழகவில்லை.

எங்கள் வேலை கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். நெல் போடுகிறவர்கள் தங்கள் வயல் மண்ணைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைக் கொட்டகையில் காயவைத்து, இடித்து, சலித்து என் மேசைக்கு அனுப்புவார்கள். நான் அதில் மருந்தை ஊற்றிக் கலக்கி, வடிகட்டி, கருவியில் கொடுத்து, தழைச்சத்து எவ்வளவு, மணிச்சத்து எவ்வளவு, சாம்பல்சத்து எவ்வளவு, துத்தநாகம் போதுமா போதாதா என்று சொல்ல வேண்டும். வருஷம் முழுக்க வெயிலும் தண்ணீரும் மாறி மாறி அடிக்கிற இந்தப் பக்கத்து வயல்களில், மண்ணில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்காமல் நெல் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிற வேலை. அதனால்தான் இந்த நிலையம், இந்தக் கருவி, இந்தச் சம்பளம் எல்லாம்.

ஆனால் மண் வருகிற லட்சணம் இருக்கிறதே! வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடங்கள், பல இடத்தில் குழி எடுங்கள், எல்லாவற்றையும் கலந்து அதிலிருந்து ஒரு பை கொண்டுவாருங்கள் என்று வாசலில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறோம். யார் படிக்கிறார்கள்? ஒருவர் எருக்குழிக்குப் பக்கத்தில் அள்ளிக்கொண்டு வருவார், தன் வயல் நல்ல மார்க் வாங்க வேண்டுமாம். இன்னொருவர் சேற்றில் இறங்கச் சோம்பல்பட்டு வரப்பைச் சுரண்டிக்கொண்டு வருவார். ஒருமுறை ஒரு பெரியவர் வண்டிச் சக்கரத்தில் ஒட்டியிருந்ததை வழித்துப் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். இது எந்த வயல் மண் என்று கேட்டேன். “வர்ற வழி பூராவும்தாம்மா” என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்த அழுக்கெல்லாம் வந்து இறங்குகிற கொட்டகையை ஆண்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. நிலையத்தில் அவருக்குப் பளபளா என்று பெயர். மூட்டை தூக்குகிற வேலைக்கு வந்தவர், படிப்படியாக உயர்ந்து கொட்டகைக்கே பொறுப்பாளர் ஆனார். நாள் முழுக்கச் சேற்றில் நின்றாலும் சாயங்காலம் வெளியே வரும்போது கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருப்பார். சட்டையில் ஒரு மடிப்பு கலைந்திருக்காது. நகத்தில் ஒரு துளி அழுக்கு இருக்காது. வீட்டில் தம்ளர்களை உயர வாரியாக அடுக்கி வைப்பார். யாராவது ஒன்றை மாற்றி வைத்தால் பேசாமல் எழுந்து போய் அதைச் சரிசெய்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

அத்தை இறந்தபோது அவர் மகள் சின்னக் குழந்தை. மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. தானே சமைத்தார், தானே துணி துவைத்தார், தானே மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினார். அந்தப் பின்னலில் ஒரு முடி பிசிறியிருக்காது. எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் மாமாவைத்தான் உதாரணம் காட்டுவார்கள். “மனுஷன்னா என் தம்பி மாதிரி இருக்கணும்” என்பாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

முன்பெல்லாம் கொட்டகையில் மண்ணைப் பழைய சாக்கிலும் காகிதத்திலும் பரப்பித்தான் காயவைப்பார்கள். ஈரத்தில் காகிதம் கிழியும், ஒன்றின் மண் இன்னொன்றில் சிந்தும், பூனை வந்து படுத்துவிட்டுப் போகும். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் தலைமை அதிகாரியை விடாமல் நச்சரித்து, கொட்டகை முழுவதற்கும் தகரத் தட்டுகள் செய்ய வைத்தார். துரு ஏறாத முலாம் பூசிய தகரம். ஒவ்வொரு ஈடும் காய்ந்ததும் தட்டை மண்வாரியால் வழித்து, மணல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் அது போகும்வரை விடமாட்டார். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் தலைமை அதிகாரி முதலில் கொட்டகையைத்தான் காட்டுவார். வரிசை வரிசையாகத் தட்டுகள் மின்னும். பக்கத்தில் மாமா கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாக நிற்பார்.

மகளுக்கு அவரே மாப்பிள்ளை பார்த்தார். ஊருக்கு வெளியே குத்தகைக்கு வயல் எடுத்து நெல் போடுகிறவர். ஒல்லியான ஆள், அதிர்ந்து பேசத் தெரியாது. எனக்கு அண்ணன் முறை. கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும், ஆனால் வருகிற பதில் நேர்மையாக இருக்கும். மாமா அவர் வயல் மண்ணைத் தானே வாங்கி வந்து, தானே காயவைத்து, தானே சலித்து என்னிடம் கொடுத்தார். பார்த்தால் அருமையான மண். எந்தச் சத்துக்கும் பெரிய குறை இல்லை. துத்தநாகம் தாராளம். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கத்தட்டில் வைத்துப் பொண்ணைக் கொடுத்திருக்கிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

முதல் போகம் நட்டுக் கொஞ்ச நாளிலேயே பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்றது. இலையில் துருப் பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி. பக்கத்தில் குருத்துவிட்டுத் தூர் கட்டவே இல்லை. அறுத்தபோது பாதிக்கு மேல் பதர். மாமா முதலில் ஆறுதலாகத்தான் பேசினார். இரண்டாவது போகமும் அதே கதையானதும் அவர் பேச்சு மாறியது. எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, அம்மாவிடம் கணக்குப் போட்டுக் காட்டுகிற மாதிரி சொன்னார்.

“மண்ணு நல்லா இருக்கு, அத நானே பாத்தேன். விதை நல்ல விதை. தண்ணிக்குக் குறைவில்ல. அப்ப எதுதான்க்கா கெட்டுப் போயிருக்கு? ஆளுதான்.”

“பாவம்டா, அந்தப் பிள்ள விடியுமுன்ன வயலுக்குப் போகுதே” என்றாள் அம்மா.

“போயி வரப்புல குந்திக்கிட்டு வானத்தப் பாத்தா நெல்லு வருமா? சோம்பேறி. நான்தான் ஏமாந்துட்டேன்.”

இதை அவர் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மகளிடம் சொன்னார். போகும்போதெல்லாம் சொன்னார். அவளுக்கோ அப்பா சொன்னால் சொன்னதுதான். அப்பாவின் நிலையம் நல்ல மண் என்று சொல்லிவிட்டது, பக்கத்து வயல்காரன் அறுக்கிறான், தன் புருஷன் மட்டும் பதர் தூற்றுகிறான். நாளாக ஆக அவளும் புருஷனைப் பார்க்கிற பார்வை மாறியது. வயலின் சொந்தக்காரர் வேறு, அடுத்த போகமும் இப்படியே போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஒருநாள் ஏதோ ஒரு பேச்சு முற்றி, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். “நீ செஞ்சதுதாம்மா சரி. அந்த வீட்டுல உனக்கு என்ன இருக்கு?” என்று மாமா சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

மனசு கேட்காமல் நான் ஒரு லீவு நாளில் அண்ணனின் வயலுக்குப் போனேன். அறுத்த தாள் மட்டும் நின்றது. அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்கார நிழல் தேடினார். வீட்டில் சமைத்துப் போட ஆள் இல்லாத முகம்.

“எதுனால இப்படி ஆகுதுன்னு நினைக்கிறீங்க அண்ணா?” என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் யோசித்தார். “தெரியலம்மா. உரக்கடைக்காரர் ஜிங்க் பத்தலன்னு சொன்னாரு. பக்கத்து வயலுக்காரங்க எல்லாம் அவரு பேச்சக் கேட்டுப் போட்டாங்க. நான் போடல.”

“ஏன் போடல?”

“ரிப்போர்ட்டுல தாராளமா இருக்குன்னு போட்டிருந்துச்சே. மாமா கையால காயவச்ச மண்ணு. அத நம்பாம கடைக்காரர நம்புனா மாமாவுக்கு மரியாதையா இருக்குமா?”

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்ன ஜிங்க்தான் துத்தநாகம். அந்தப் புள்ளி, அந்தக் குட்டை, தூர் கட்டாமல் நிற்பது எல்லாம் துத்தநாகக் குறைக்குப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிற படம் மாதிரியே இருந்தது. யோசித்துப் பார்த்தால், கொஞ்ச காலமாக எங்கள் நிலையத்துக்கு வந்த எந்த மண்ணிலும் துத்தநாகம் குறைந்து நான் பார்க்கவே இல்லை. மேட்டு மண், பள்ளத்து மண், உவர் மண், எல்லாவற்றிலும் தாராளம். அது எப்படி? அண்ணனையும் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கி, முழங்கால்வரை சேறு அப்ப அப்ப, சட்டப்படி எங்கெங்கே எடுக்க வேண்டுமோ அங்கெல்லாம் மண் எடுத்துக் கலந்துகொண்டு வந்தேன்.

மறுநாள் கொட்டகையில் தட்டு காலி இல்லை. நாற்றத்தைச் சகித்துக்கொண்டு பாதி மண்ணை வீட்டு மாடியில் பிளாஸ்டிக் விரிப்பில் பரப்பினேன். மீதிப் பாதியை, இடம் கிடைத்ததும் மாமாவின் தட்டில் பரப்பக் கொடுத்தேன். இரண்டும் காய்ந்தன. இரண்டையும் கருவியில் கொடுத்தேன். மாடியில் காய்ந்த மண்ணில் துத்தநாகம் படு மோசம். தட்டில் காய்ந்த மண்ணில் தாராளம். ஒரே வயல், ஒரே பை, ஒரே கை. கருவிதான் கோளாறோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடைசியில் ஒன்றுமே இல்லாத வெறும் மணலை அமிலத்தில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு ஒரு தட்டில் போட்டு வைத்து, வழித்து எடுத்துப் பார்த்தேன். வெறும் மணலிலும் துத்தநாகம் தாராளம்.

விஷயம் இவ்வளவுதான். தகரம் துரு ஏறாமல் இருக்க அதன்மேல் பூசுகிற முலாமே துத்தநாகம்தான். புளித்த ஈர மண் அதில் கிடந்து ஊறுகிறது. மேலே பூக்கிற வெள்ளையும் அதுதான். அதை மாமா மணல் போட்டுத் தேய்க்கிறார், இரும்பு வாரியால் வழிக்கிறார், சுரண்டினதெல்லாம் மண்ணோடு சலித்து என் மேசைக்கு வருகிறது. இத்தனை நாளும் நான் அளந்தது வயலை இல்லை, தட்டை. சாக்கில் காயவைத்த காலத்தில் இந்தக் கேடு இல்லை. சுத்தம் பண்ணப் போய்த்தான் வந்தது.

தலைமை அதிகாரியிடம் ஓடினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

“தட்ட மாத்திடலாம்மா. பிளாஸ்டிக்ல வாங்கிடலாம். இதுக்கு எதுக்கு இவ்வளவு பதட்டம்?”

“பழைய ரிப்போர்ட் வாங்கிட்டுப் போனவங்க சார்? அவங்களுக்குச் சொல்ல வேண்டாமா?”

“என்னன்னு சொல்லுவ? நாங்க தகரத்தச் சோதிச்சோம்னு சொல்லுவியா? ஜிங்க் பத்தலன்னு எந்தப் பயிராவது இங்க வந்து புகார் கொடுத்துச்சா? கடைக்காரங்க சொன்னா போட்டுக்கப் போறாங்க. நீ உன் வேலையப் பாரு.”

சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். அந்த மூஞ்சியில் காறித் துப்பலாமா என்று இருந்தது. கொண்டுவருகிறவர்களைக் குனிந்து சரியாக எடு, கலந்து எடு என்று அதட்டுகிற நிலையம் இது. நம் பக்கம் தப்பு என்றதும் கமுக்கமாகத் தட்டை மாற்றிவிட்டுச் சும்மா இருக்க வேண்டுமாம். மண் வாங்குகிற ஜன்னலுக்கு வந்த அத்தனை பேரிடமும் அதற்கப்புறம் நான் வாயால் சொல்லத்தான் செய்தேன். அதற்காக அவர் என்னை என்னென்ன பாடு படுத்தினார் என்பது வேறு கதை. எனக்கு அப்போது அதைவிடப் பெரிய கவலை, மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான்.

கொட்டகையில் அவர் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லக் கை நிற்கவில்லை. அண்ணன் வயலின் இரண்டு முடிவையும் சொன்னபோதுதான் துணி நின்றது. தட்டைக் கீழே வைத்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். அவர் மூட்டைமேல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“அப்ப மாப்பிள்ள மேல தப்பில்லையா?”

“இல்ல மாமா. அவரு உங்கள நம்புனதுதான் தப்பு. நாத்துவிட்டாச்சு, நடவுக்கு இன்னும் நாளிருக்கு. நடுறதுக்கு முன்னாடி ஜிங்க் சல்பேட் போட்டுட்டா போதும். நான் இன்னைக்கே போய் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுறேன்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ சொல்லாத. நான் சொல்றேன். என் வாயாலதான் சொல்லணும். மாப்பிள்ளகிட்டயும் சொல்றேன், புள்ளகிட்டயும் சொல்றேன். நீ சொன்னா அதுக்கப்புறம் நான் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? இந்த ஒரு மரியாதைய மட்டும் எனக்குக் குடு.”

கண் கலங்கியிருந்தது. மனைவி போனபோதுகூடக் கலங்காத மனுஷன் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. சரி மாமா என்றேன். மறுநாளே அவர் ஜிங்க் சல்பேட் பையை வண்டியில் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். ஆயிரம் இருந்தாலும் என் மாமா என் மாமாதான் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஆனால் மகள் அப்பா வீட்டிலேயே இருந்தாள். நடவு முடிந்தது, அவள் போகவில்லை. பயிர் பச்சை கட்டிக்கொண்டு நிற்கிறது என்று கேள்வி, அப்போதும் போகவில்லை. மாமாவிடம் கேட்டால் பெருமூச்சு விட்டார்.

“எல்லாம் சொல்லிட்டேம்மா. அவளுக்குத்தான் மனசு இறங்கல. நெல்லக் கண்ணால பாத்தப்புறம் போறேங்கிறா. நான் என்ன பண்றது, கழுத்தப் பிடிச்சா தள்ள முடியும்?”

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம். தப்பில்லாத மனுஷன் என்று தெரிந்த பிறகும் நெல்லைக் காட்டு, வருகிறேன் என்கிறாளே, இவளெல்லாம் ஒரு பெண்ணா என்று அந்த வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். வழியில் பார்த்தபோது அவள் “அண்ணி” என்று கூப்பிட்டாள். காதில் விழாத மாதிரி போனேன்.

மாமா மட்டும் அந்தப் போகத்தில் நன்றாக இருந்தார். மதியத்துக்கு மகள் கட்டிக்கொடுத்த சோறு வரும். சட்டை இன்னும் மொடமொடப்பாக இருக்கும். வீட்டில் இருட்டினால் பேச்சுத் துணை. கொஞ்சம் சதைகூடப் போட்டார்.

அறுவடை அன்று எல்லோரையும் வயலுக்கு அழைத்துக்கொண்டு போனார். மகளின் பெட்டி வண்டியின் பின்னால் இருந்தது. என்னையும் வா வா என்று வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனார். கதிர் கனத்து நெல் சாய்ந்து கிடந்தது. அறுவடை இயந்திரம் ஒரு பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வந்தது. வயலின் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் இந்த வயல் உனக்குத்தான் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். அண்ணன் பாதியாக இளைத்திருந்தார். மனைவியைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று தெரியாமல், கையிலிருந்த நெல்லை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். வேப்பமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடித்ததும் மாமா தொண்டையைச் செருமினார். “பாத்தியாம்மா? நான் கொஞ்சம் கடுமையாப் பேசுனேன்தான். ஆனா அன்னைக்கு அப்படிப் பேசலன்னா இன்னைக்கு இந்த நெல்லு இல்ல.”

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார்.

“மாமா சொன்னது சரிதான். நான் சோம்பேறியாத்தான் இருந்திருக்கேன், எனக்கே தெரியல. நான் கவனிக்காம விட்டதுல மண்ணுல இருந்த ஜிங்க் எல்லாம் வீணாப் போயிடுச்சுன்னு மாமா வந்து சொன்னாங்க. தப்பு என்னுதா இருந்தும் அவங்களே பையத் தூக்கிட்டு வந்து குடுத்தாங்க. அதுக்கப்புறம் நான் வயலவிட்டு நகரவே இல்ல. இங்கதான் படுத்தேன்.” மனைவியைப் பார்த்தார். “உன்னையும் ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன். இனிமே அப்படி நடக்காது.”

அவள் முகத்தைப் பார்த்தேன். திருந்தின புருஷனை மன்னிக்கிற முகம். அதில் எதையும் தெரிந்து வைத்திருந்த அடையாளம் இல்லை. இந்த மனுஷன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு போகம் முழுக்கச் சொல்லவில்லை. என்னிடம் அழுது மரியாதை வாங்கிக்கொண்டு போய், தன் தட்டு செய்த கேட்டையும் அந்த அப்பாவி தலையிலேயே கட்டிவிட்டு வந்திருக்கிறார்.

“மாமா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்றேன்.

“என்னத்த?” என்றார், பார்வையை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு.

“அண்ணா, உங்க மண்ணுல முதல்லருந்தே ஜிங்க் இல்ல. நீங்க எதையும் வீணாக்கல. இவரு மண்ணக் காயவச்ச தட்டுல இருந்து ஒட்டினதத்தான் நாங்க தாராளம்னு எழுதிக் குடுத்தோம். இந்தப் போகம் நடுறதுக்கு முன்னாடியே இது இவருக்குத் தெரியும். நானே போய்ச் சொன்னேன். உங்ககிட்டயெல்லாம் தானே சொல்றேன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டுப் போனாரு.”

இயந்திரம் வயலின் அந்தக் கோடியில் திரும்பிக்கொண்டிருந்தது. மாமா சிரிக்கப் பார்த்தார். “இவளுக்குக் கோவம் வந்தா எதையாவது பேசுவா. ஆபீஸ்ல ஆயிரம் இருக்கும், இப்ப அதுக்கு என்ன? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுல்ல?”

மகள் கையிலிருந்த நெல்லைக் கீழே வைத்தாள்.

“அண்ணி சொல்றது நிஜமாப்பா?”

“விடும்மா.”

“நடுறதுக்கு முன்னாடியே தெரியுமா?”

மாமா சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார். “முன்னாடிதான். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பாத்துட்டே இருந்தேன். நீயும் வீட்டுல இருந்தது எனக்கு ஒரு துணையா இருந்துச்சு. அப்படியே நாள் போயிடுச்சு.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

“தினமும் உங்களுக்குச் சோறு போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்து இவரத் திட்டினேனே அப்பா. உருப்படாதவன், கையாலாகாதவன், எனக்குன்னு வந்து வாச்சான்னு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேனே. நீங்க ஆமாம்மா, ஆமாம்மான்னு சொல்லிக்கிட்டே சாப்பிட்டீங்க. ஒரு நாளாவது நிறுத்துடின்னு சொன்னீங்களா?”

எனக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நானும் நாலு கேள்வி கேட்க எழுந்தேன். அப்போதுதான் அண்ணனைப் பார்த்தேன். அவர் மாமாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தட்டையும் ஜிங்கையும் பற்றி அவருக்கு ஒரு கேள்வியும் இல்லை. மனைவியைப் பார்த்து, எப்போதும் போலத் தாமதமாக, மெதுவாகக் கேட்டார்.

“தினமுமா?”